உலா வரும் திருமேனிகள்

கருவறையில் வீற்றிருக்கும் மூலவர் இடம்பெயர்வதில்லை. பஞ்சலோகத்தில் வார்க்கப்பெற்ற உற்சவ மூர்த்தியோ வீதியுலா வருவதற்கென்றே அமைந்தவர். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளின் பீடத்தைக் கூர்ந்து நோக்குவோர் அதில் துளைகளையோ வளையங்களையோ காண்பர். தண்டும் கயிறும் கோத்துத் தோளிலே தாங்கிச் செல்வதற்காக ஏற்பட்டவை அவை. கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயாளரும் தம் வாசலில் நின்றே தரிசிக்கின்றனர்.

திருகோணமலையில் 1950ஆம் ஆண்டு நகரசபையினர் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த காலத்தில் அடியார்கள் புதைத்துக் காத்தவை அவை என்பர். அவற்றை நேரே கோயிலுக்குக் கொண்டு சென்று பூட்டி வைக்கவில்லை. சுற்றுப்புற ஊர்களுக்கெல்லாம் ஊர்வலமாக எழுந்தருளச் செய்த பின்னரே கோணேசர் ஆலயத்தில் மீளப் பிரதிட்டை செய்தனர். கண்காட்சி என்று அதனை எவரும் அழைக்கவில்லை. ஆயினும் ஊரூராகச் சென்று மக்களுக்குக் காட்டியது அதுவன்றோ!

கடல் கடந்த உலாவும் உண்டு. சோழர் செப்புத் திருமேனிகளின் கண்காட்சியொன்று 2002 நவம்பர் தொடக்கம் 2003 செப்ரெம்பர் வரை அமெரிக்காவின் வோஷிங்டன், டலஸ், கிளீவ்லாந்து ஆகிய மூன்று நகரங்களுக்குச் சென்றது. கலை வரலாற்றறிஞர் வித்யா தெஹேஜியா அதனை நெறிப்படுத்தினார். கோயிலிலே பட்டும் மாலையும் சாத்தியபின் திருமுகமும் திருக்கரங்களுமே தெரியும். கண்காட்சியிலோ பூணூலின் நெளிவு முதல் பாதத்தின் விரல் வரை சிற்பியின் கைத்திறன் முழுவதும் புலப்படும். சாத்துப்படியின்றி மூர்த்தியை நிறுத்துவதா என்று அடியார் மனம் வருந்துவதும் நியாயமே. இதற்கு மருந்து விளக்கம்தான். உலோகத்தின் பெயரையும் நூற்றாண்டையும் மட்டும் எழுதி வைத்தால் பார்ப்பவருக்கு அது வெறும் சிலை. பூசையையும் திருவிழாவையும் எடுத்துச் சொன்னால் அவர் கைகூப்பாவிட்டாலும் மரியாதையுடன் நிற்பார்.

அங்கே நிற்கும் மூர்த்தி எவ்வழியாக வந்தார் என்பது வேறு வினா. அரியலூர் மாவட்டம் சிறிபுரந்தான் கோயிலில் களவு போன நடராசர் திருமேனியை அவுஸ்திரேலிய தேசிய காட்சியகம் 2008இல் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. 2014இல் அது இந்தியாவிடம் திருப்பிக் கையளிக்கப்பட்டது. களவுக்கு முன்னரே அக்கோயிலில் எடுக்கப்பட்டு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திற் பேணப்பட்டிருந்த புகைப்படம் அதற்கு முக்கிய சான்றாயிற்று.

திருவிழாப் படங்கள் எல்லாக் கோயில்களிலும் கட்டுக் கட்டாக உண்டு. ஆனால் அலங்காரம் செய்த மூர்த்தியின் படம் அடையாளம் காண அதிகம் உதவாது. அபிடேகத்திற்கு முன், முன்புறமும் பின்புறமும் பீடமும் தெரிய, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்கும் படமே பயன்படும். குருக்களின் சம்மதத்துடன் ஒரு காலைப்பொழுதிலே அதனைச் செய்து முடிக்கலாம்.