வீட்டுப் பிரிண்டரில் டெக்கால் செய்வது எப்படி?

சென்ற ஆண்டு நமது துறைக் கண்காட்சிக்கு நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு லாரி மாடல் செய்தோம். 1:24 அளவு. சன்போர்டில் பாடி, பி.வி.சி. குழாயில் டீசல் டேங்க். எல்லாம் சரியாக வந்தது, எழுத்தில்தான் மாட்டிக்கொண்டோம். நிஜ லாரியின் நம்பர் பிளேட்டில் எழுத்து 65 மி.மீ. உயரம், கோடு 10 மி.மீ. தடிமன். 24-ஆல் வகுத்தால் உயரம் 2.7, தடிமன் 0.4 மி.மீ. இதை எந்தப் பிரஷ் எழுதும்?

என் அப்பா லாரிகளுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர். மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவர். "இவ்ளோ பொடி எழுத்து என் கண்ணுக்கு ஆகாதுடா" என்று கையை விரித்துவிட்டார். ஸ்டிக்கர் வந்து அவர் பிழைப்பில் பாதி போயிற்று. இப்போது அவர் மகனே மெஷினில் எழுத்து அடிக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

டெக்கால் தாளில் காகிதம், அதன்மேல் நீரில் கரையும் பசை, அதன்மேல் மெல்லிய படலம். படலத்தில் அச்சிட்டுத் தண்ணீரில் போட்டால் பசை கரைந்து எழுத்தோடு படலம் வழுக்கிக்கொண்டு வரும். இங்க்ஜெட்டுக்கு வேறு தாள், லேசருக்கு வேறு தாள். இங்க்ஜெட் தாளை ஜெராக்ஸ் கடை லேசரில் விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டு உருளையில் படலம் உருகி ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் அப்புறம் உங்களைச் சும்மா விடமாட்டார்!

நண்பன் வீட்டு இங்க்ஜெட்டில் 600 டி.பி.ஐ.யில் அடித்தோம். ஒரு புள்ளி 0.04 மி.மீ., ஆக நம் கோட்டுக்குப் பத்துப் புள்ளி கிடைக்கிறது. இதே லாரியை 1:76-ல் செய்திருந்தால் மூன்றே புள்ளிதான், 'ணை'யின் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். தாள் விலை அதிகம். முதலில் சாதாரணத் தாளில் அடித்து அளவு பார்த்துவிட்டு, டெக்கால் தாளில் இடம் விடாமல் நிரப்பி அடியுங்கள்.

முதல் முயற்சி படுதோல்வி. நீலக் கேபினின் நெற்றியில் கம்பெனிப் பெயரை மஞ்சளில் ஒட்டினோம். தாளில் பளிச்சென்று இருந்த மஞ்சள், கேபினில் ஏறியதும் அழுக்குப் பச்சை ஆகிவிட்டது. பிரிண்டரில் சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு உண்டு, வெள்ளை கிடையாது. மை கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் நிறத்தைக் காட்டிவிடும். தாளில் பளிச்சென்று தெரிந்தது தாளின் வெள்ளையால்தான். இதை நான் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "டேய், நீலத்து மேல மஞ்ச எழுதணும்னா நாங்க முதல்ல வெள்ளை வச்சுட்டுத்தான் எழுதுவோம். இதுகூடவா காலேஜ்ல சொல்லித் தரல?" என்றார். பிறகு அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெற்றியில் வெள்ளைப் பட்டை, நம்பர் பிளேட்டுக்கு மஞ்சள் எல்லாம் அடித்துத் தந்தார். வெள்ளையின்மேல் சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, மஞ்சளின்மேல் கறுப்பு எண். இந்தத் தடவை அச்சு அச்சாக வந்தது.

அச்சிட்ட தாளை நன்றாகக் காயவிட்டு, கிளியர் அக்ரிலிக் ஸ்பிரேயை மூன்று முறை லேசாக அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் தண்ணீரில் மை கரையும். ஒரே தடவையில் கொழகொழவென்று அடித்தாலும் மை பரவும், நாங்கள் ஒரு தாளை அப்படித்தான் பாழாக்கினோம். பிறகு எழுத்தை ஒட்டி வெட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போட்டு வெளியே எடுத்து வையுங்கள். பிடித்து இழுக்கக் கூடாது, தானாக நகரும்வரை பொறுங்கள். ஒட்டும் இடம் வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் அடியில் காற்று நின்று வெள்ளியாக மினுக்கும். ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி, காய்ந்ததும் மேலே இன்னொரு கிளியர் கோட்.

மாடலை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்தார். "எல்லாம் சரி. 'ழ'வுக்கு வால் கொஞ்சம் பத்தல" என்றார். கம்ப்யூட்டர் எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். இந்த ஆண்டு மாடலுக்கு அவரையே தாளில் பெரிதாக எழுதச் சொல்லி, ஸ்கேன் செய்து, சுருக்கி அடிக்கப் போகிறோம். டெக்கால் தாள் அரைத் தாள் மிச்சம் இருக்கிறது. வேண்டுவோர் மெக்கானிக்கல் வகுப்பில் என்னைக் கேட்கலாம்.