புயலில் சாய்ந்த வேம்பும் பழைய செயின்சாவும்

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயலில் எங்கள் கொல்லையில் இரண்டு வேப்பமரங்கள் சாய்ந்துவிட்டன. கிடக்கும் இடத்திலேயே பலகை அறுக்கப் பழைய செயின்சா வாங்கலாமா? கையில் பணம் குறைவு.
– வாசகர், வானூர்

பதில்: வாங்கலாம், ஆனால் கிளை கழிக்கும் சின்ன மெஷினை வாங்கிவிடாதீர்கள். மரத்தைக் குறுக்கே துண்டு போடுவது ஒரு நிமிட வேலை. நீளவாக்கில் பலகை எடுக்கும்போது இன்ஜின் முழு வேகத்தில் நிமிடக்கணக்கில் ஓட வேண்டும். 30 சிசி மெஷின் சூடேறியே செத்துப்போகும். 70 சிசி அளவில் தேடுங்கள். ஸ்டில், ஹஸ்க்வர்னா என்றால் உதிரிபாகம் கிடைக்கும்.

விற்பவர் முன்கூட்டியே ஓட்டிக் காட்டினால் நம்பாதீர்கள். இன்ஜின் ஆறிய நிலையில், ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெஷினைத் தூக்குங்கள். விட்டுவிட்டு மெல்ல இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. சர்ரென்று இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு சைலன்சரைக் கழற்றி பிஸ்டனைப் பாருங்கள். நெடுக்குக் கீறல் இருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓட்டியிருக்கக்கூடும். என்ன விலை குறைத்தாலும் அது வேண்டாம். மேலுறை கீறல், நிறம் மங்கியது பற்றியெல்லாம் கவலைப்படாதீர்கள்.

பலகைக்கான செயின் வேறு. பல்லை 10 டிகிரியில் தீட்டியிருப்பார்கள். அதற்கும், கண்ணாடிக்கும், காது மூடிக்கும் பணம் ஒதுக்கிவிட்டு மெஷினுக்கு விலை பேசுங்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு அறுப்பிலும் செயின் முக்கால் சென்டிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். மில்லின் பேண்ட் சா அதில் பாதிகூட வீணாக்காது. இரண்டே மரம்தான், டிராக்டர் கொல்லைக்குள் வரும் என்றால் மில்லுக்கே அனுப்புங்கள்.