முனை முறிந்த பேட்டரி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

யூ.பி.எஸ். பெட்டியிலிருந்து 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரியைக் கழற்றும்போது முக்கால்வாசிப் பேர் கிளிப்பை விட்டுவிட்டு ஒயரைப் பிடித்துத்தான் இழுப்போம். வராது. கொஞ்சம் பலம் கொடுத்தால் கிளிப்போடு டெர்மினல் தகடும் முறிந்து கையோடு வந்துவிடும். பேட்டரி வைத்த மருந்து தெளிப்பானை முதுகில் சுமப்பவர்களுக்கு இழுக்கக்கூட வேண்டாம், வரப்பில் நடக்கிற குலுக்கலே போதும். அப்புறம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

நம்பிக்கை: டெர்மினல் போனால் பேட்டரியே போச்சு.

உண்மை: அந்தத் தகடு வெறும் நாக்குதான். அதன் வேர், சிவப்பும் கறுப்புமாக ஊற்றியிருக்கும் எபாக்சிக்குள் இறங்கி ஈயக் கம்பத்தைப் பிடித்திருக்கிறது. மிச்சமிருக்கும் துண்டில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உயிர் இருக்கிறது. 10.5க்கும் கீழே என்றால் ஆறு செல்லில் ஒன்றாவது படுத்திருக்கலாம், மெனக்கெட வேண்டாம். முறிந்த வாயையும் பாருங்கள். பளபளவென்று இருந்தால் இழுத்ததால் முறிந்தது. பச்சையோ வெள்ளையோ பூத்து, தகடு அரித்து மெலிந்திருந்தால் ஆசிட் சீலைத் தாண்டி மேலேறிவிட்டது. அதில் என்ன ஒட்டினாலும் நிற்காது.

நம்பிக்கை: சின்ன சால்டரிங் அயர்ன்தான் பேட்டரிக்குப் பத்திரம்.

உண்மை: நானும் அப்படித்தான் நினைத்தேன். ரேடியோ வேலைக்கு வைத்திருந்த 25 வாட் அயர்னை எடுத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் முனையில் அழுத்திப் பிடித்தேன். ஈயம் உருண்டையாக நின்றதே தவிர ஒட்டவில்லை. முனையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மூடிதான் குழைந்து கிண்ணம்போல் குழிந்தது. இரண்டு வாரத்தில் அந்தக் குழியில் ஈரம் கசிந்தது.

அடியில் இருக்கும் ஈயம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சின்ன அயர்ன் அதற்கு ஈடுகொடுக்காது. நாம் பிடித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் சூடு எபாக்சிக்குள் இறங்குகிறது. அந்த மூடி 100 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். 60/40 சால்டர் உருக 190 டிகிரி போதும். கம்பத்து ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். இந்த இடைவெளியில்தான் வேலை. 60 முதல் 100 வாட் வரையிலான, முனை அகன்ற அயர்னை நன்றாகச் சுடவைத்து, மூன்று நான்கு விநாடியில் தொட்டு எடுத்துவிட வேண்டும்.

அதற்கு முன்னாலேயே துண்டைப் பிளேடால் சுரண்டிப் பளபளப்பாக்கி, மங்குவதற்குள் ரோசின் தடவி, மெல்ல சால்டர் பூசிவிடுங்கள். வைக்கப்போகும் ஒயர் நுனிக்கும் தனியே பூசுங்கள். இரண்டையும் சேர்த்துத் தொட்டால் ஒன்றாகிவிடும். முதல் தொடலில் பிடிக்காவிட்டால் எடுத்துவிட்டு, ஆறிய பிறகு மறுபடி. தகரம் பற்றவைக்கிற ஆசிட் ஃபிளக்ஸ் மட்டும் வேண்டாம். இன்று ஒட்டி, நாளை அரிக்கும்.

நம்பிக்கை: சீல் வைத்தது, கேஸ் வராது. 12 வோல்ட்தானே, ஷாக்கும் அடிக்காது.

உண்மை: ஷாக் அடிக்காது, சரிதான். ஆனால் மோதிரமோ வளையலோ இரண்டு முனையையும் தொட்டுவிட்டால் அந்தச் சின்ன டப்பா நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளும். விரலில் மோதிரம் பழுத்துவிடும். மற்ற முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். மேல் மூடிக்கடியில் ரப்பர் வால்வுகள் இருக்கின்றன. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் அவை திறந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது. சார்ஜிலிருந்து கழற்றி, சில மணி நேரம் காற்றோட்டமாக வைத்துவிட்டுப் பிறகு அயர்னைக் கையில் எடுங்கள்.

நம்பிக்கை: ஒயரைச் சுற்றி எம்-சீல் அப்பினால் போதும்.

உண்மை: எம்-சீல் பிடித்துக்கொள்ளும், மின்சாரத்தைக் கடத்தாது. 300 வாட் லோடு என்றால் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர். தளர்வாகச் சுற்றிய இடம் அதைத் தாங்காமல் சுடும்.

ஒட்டி முடித்ததும் ஒயரைப் பேட்டரியின் உடம்போடு டேப் போட்டுக் கட்டிவிடுங்கள். அடுத்த இழுப்பு டேப்பின் மேல் விழட்டும். ஈயம் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

தகடு எபாக்சியோடு ஒட்ட முறிந்திருந்தால் மட்டும் தோண்டிப் பார்க்க வேண்டாம், தோண்டுகிற வழியாகவே ஆசிட் வரும். புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள். ஈயத்துக்கு எடை விலை உண்டு. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது வீட்டுக் குப்பையோடு போகவும் கூடாது.