பந்தைத் தொடாத அந்த நாள்



கூடைப்பந்து என்றதும் நம்ம கல்லூரியில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, மைதானத்து ஓரத்தில் வலையில்லாமல் நிற்கிற அந்த இரண்டு வளையங்கள்தான். (வலை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அது தனிக் கதை!) அந்த விளையாட்டில் நடந்த ஒரு ஆட்டத்தைப் பற்றி, சரியாகச் சொன்னால் நடக்காமல் போன ஒரு ஆட்டத்தைப் பற்றி இந்த மலரில் எழுத விரும்புகிறேன். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி, அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகருக்கு அருகில், உலகின் மிகச் சிறந்த கூடைப்பந்து வீரர்கள் சிலர் மைதானத்துக்கு வரவே மறுத்துவிட்டார்கள். ஏன் மறுத்தார்கள்? மறுத்து என்ன கண்டார்கள்? இந்த இரண்டு கேள்விகளும் மாணவர் பேரவை மலரில் பேசத் தகுந்தவை என்று நினைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பு. 30 அணிகள். சாதாரணமாக ஒவ்வொரு அணியும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும். அதன் பிறகு மேலே இருக்கும் 16 அணிகள் மட்டும் மோதுவதற்குப் பெயர் பிளே-ஆஃப். ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை ஆட வேண்டும். யார் முதலில் நான்கு ஜெயிக்கிறாரோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார். இப்படி நான்கு சுற்று. டெலிவிஷன் பணம், விளம்பரப் பணம் எல்லாம் கொட்டுவது இந்த இரண்டு மாதத்தில்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2020 மார்ச் 11-ல் ஒரு வீரருக்குக் கொரோனா என்று தெரிந்ததும் போட்டிகள் அப்படியே நின்றுபோயின. ஜூலை கடைசியில் டிஸ்னி வேர்ல்டு வளாகத்துக்குள் 22 அணிகளை மட்டும் அடைத்து வைத்து மீண்டும் தொடங்கினார்கள். வெளியே போகக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. பார்வையாளர்களும் கிடையாது. இதற்கு 'பபிள்', அதாவது நீர்க்குமிழி என்று பெயர் வைத்தார்கள்.

குமிழிக்கு வெளியே நாடு கொதித்துக்கொண்டிருந்தது. மே 25-ல் மின்னியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை அழுத்திக் கொன்றார். ஊர் ஊராகப் போராட்டம். என்.பி.ஏ. வீரர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர். இந்த நேரத்தில் பந்து விளையாடப் போவது சரியா என்று அவர்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் சம்மதித்தார்கள். மைதானத் தரையில் 'கறுப்பு உயிர்கள் முக்கியம்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதப்பட்டது. பனியனின் முதுகில் பெயருக்குப் பதில் 'சமத்துவம்' போன்ற வாசகங்களைப் போட்டுக்கொள்ளலாம் என்று நிர்வாகம் ஒரு பட்டியலே கொடுத்தது. பட்டியலில் உள்ள வாசகம் மட்டும்தான்! எதிர்ப்புக்கும் முன் அனுமதி என்பது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது.

ஆகஸ்ட் 23 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா ஊரில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவர் தன் காருக்குள் ஏறப் போகும்போது, ஒரு போலீஸ்காரர் பின்னாலிருந்து ஏழு முறை சுட்டார். காருக்குள் பிளேக்கின் பிள்ளைகள் இருந்தார்கள். உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இரண்டு நாள் கழித்து அதே ஊரில் நடந்த போராட்டத்தின்போது 17 வயதுப் பையன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு இருவர் இறந்தார்கள். (தற்காப்பு என்று சொல்லி அவன் 2021 நவம்பரில் விடுதலையானான்.)

கெனோஷாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் மில்வாக்கி நகரம். அந்த நகரத்து அணிதான் மில்வாக்கி பக்ஸ். அந்த ஆண்டு பருவ ஆட்டங்களில் எல்லா அணியையும்விட அதிக வெற்றி பெற்ற அணி. கிரேக்க நாட்டிலிருந்து வந்த யானிஸ் அன்டெட்டோகுன்போ அதன் நட்சத்திரம். முதல் சுற்றில் ஆர்லாண்டோ மேஜிக் அணிக்கு எதிராக 3-1 என்று முன்னணி. ஆகஸ்ட் 26 மாலை ஐந்தாவது ஆட்டம். இன்னும் ஒன்று ஜெயித்தால் அடுத்த சுற்று!

அணியில் ஜார்ஜ் ஹில் என்ற மூத்த வீரர் இருந்தார். பெரிய நட்சத்திரம் கிடையாது. அவர்தான் அன்றைக்குத் தன்னால் ஆட முடியாது என்று முதலில் முடிவெடுத்தவர். அவரோடு ஸ்டெர்லிங் பிரவுன் சேர்ந்துகொண்டார். இந்தப் பிரவுனுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 2018 ஜனவரியில் மில்வாக்கியில் காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினார் என்பதில் தொடங்கிய விவகாரத்தில் போலீசார் அவரைக் கீழே தள்ளி மின்அதிர்ச்சித் துப்பாக்கியால் தாக்கினார்கள். இதற்காக அந்த நகராட்சி 2021-ல் அவருக்கு 7,50,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 'கோடிகளில் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன கஷ்டம்?' என்று கேட்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தைப் படித்தால் போதும். போலீஸ்காரர் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டா அடித்தார்?

இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்துகொள்வதாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் முழு அணியின் முடிவாக மாறியது. ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தன. எதிரணி மைதானத்தில் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தது. நடுவர்கள் தயார். பக்ஸ் வீரர்களைக் காணோம்! அவர்கள் உடைமாற்றும் அறைக்குள்ளிருந்து விஸ்கான்சின் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரோடும் துணை ஆளுநரோடும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வெளியே வந்து ஹில்லும் பிரவுனும் ஓர் அறிக்கையைப் படித்தார்கள். எங்களிடம் முழு உழைப்பையும் பொறுப்பையும் எதிர்பார்க்கிறீர்களே, அதையேதான் நாங்கள் சட்டமன்றத்திடமும் காவல்துறையிடமும் எதிர்பார்க்கிறோம், சட்டமன்றத்தைக் கூட்டுங்கள், எல்லோரும் நவம்பர் 3-ல் ஓட்டுப் போடுங்கள் என்பதுதான் அதன் சாரம். கோபம் இருந்தாலும் கோரிக்கை தெளிவாக இருந்தது.

இங்கே ஆர்லாண்டோ மேஜிக் அணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். எதிரணி வராவிட்டால் வந்த அணிக்கு வெற்றி என்பது எந்த விளையாட்டிலும் உள்ள வழக்கம். தோல்வியின் விளிம்பில் நின்ற மேஜிக்குக்கு அது தானாக மடியில் விழுந்த பழம். ஆனால் அவர்கள் அந்த வெற்றி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மைதானத்தை விட்டு நடந்தார்கள். எல்லோரும் பக்ஸைப் பாராட்டுகிறார்கள். எனக்கென்னவோ மேஜிக் செய்தது அதைவிடக் கஷ்டமான காரியம் என்று தோன்றுகிறது. அவர்கள் அந்த வெற்றியை எடுத்துக்கொண்டிருந்தால் பக்ஸின் மறுப்பு ஒரு அணியின் தோல்வியாக முடிந்திருக்கும். எடுக்காததால் அன்று இரவு நடக்கவிருந்த மற்ற இரண்டு ஆட்டங்களும் நின்றன. பெண்கள் கூடைப்பந்து, கால்பந்து, பேஸ்பால் என்று பரவியது. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா ஓர் அரையிறுதியில் ஆட மாட்டேன் என்றதும் அந்தப் போட்டியையே ஒரு நாள் நிறுத்தி வைத்தார்கள்.

பத்திரிகைகள் பலவும் இதைப் 'பாய்காட்', அதாவது புறக்கணிப்பு என்று எழுதின. அது தவறு என்பது என் கருத்து. கடைக்குப் போக மாட்டேன் என்று வாங்குபவர் சொன்னால் புறக்கணிப்பு. வேலை செய்கிறவர் வேலையை நிறுத்தினால் அதற்குப் பெயர் ஸ்ட்ரைக். அதுவும் சாதாரண ஸ்ட்ரைக் அல்ல. வீரர்கள் சங்கத்துக்கும் என்.பி.ஏ.வுக்கும் உள்ள ஒப்பந்தத்தில் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்ற விதி இருக்கிறது. அதை மீறித்தான் உட்கார்ந்தார்கள். எங்க அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். ஓடாத தறிக்குக் கூலி இல்லை. இந்த விஷயத்தை அவரிடம் சொன்னபோது கூடைப்பந்து என்றால் என்ன என்றுகூட கேட்கவில்லை. "எத்தனை பேர் சேர்ந்தாங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பழைய வரலாற்றைப் புரட்டினால் எல்லாம் விளங்குகிறது. 1959 ஜனவரியில் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின வீரர்களுக்கு ஓட்டலில் அறை தர மறுத்தார்கள் என்பதற்காக எல்ஜின் பேலர் அன்றைய ஆட்டத்தில் ஆடவில்லை. ஆட்டம் அவரில்லாமல் நடந்தது. 1961-ல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் பாஸ்டன் அணியின் கறுப்பின வீரர்களுக்குக் காபிக் கடையில் பரிமாற மறுத்தார்கள். 2022-ல் காலமான மாபெரும் வீரர் பில் ரஸ்ஸலும் மற்ற கறுப்பின வீரர்களும் விமானம் ஏறி ஊருக்குத் திரும்பினார்கள். வெள்ளை வீரர்கள் இருந்து ஆடினார்கள், அந்த ஆட்டமும் நடந்தது! 1996-ல் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்காத மஹ்மூத் அப்துல்-ரவூஃப் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

நடுவில் ஒரே ஒரு வித்தியாசமான ஆண்டு, 1964. ஜனவரி 14-ல் பாஸ்டனில் நட்சத்திர ஆட்டம். டெலிவிஷன் நேரலைக்குக் கேமராக்கள் தயார். ஓய்வூதியத்துக்கு உறுதி தரும் வரை வர மாட்டோம் என்று இரண்டு அணியின் வீரர்களும், கறுப்பர் வெள்ளையர் எல்லோருமாக, ஒரே அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அணி முதலாளி மிரட்டல் செய்தி அனுப்பினார். யாரும் அசையவில்லை. கடைசியில் தலைமை ஆணையர் இறங்கிவந்து வாக்குக் கொடுத்தார், ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது.

நம்ம ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் பார்த்திருப்போம். இறுகிப்போன நட்டைக் கழற்ற ஸ்பேனரை நட்டுக்குப் பக்கத்தில் பிடித்தால் எவ்வளவு பலசாலியும் திணறுவான். நுனியில் பிடித்தால் ஒல்லியானவன்கூடத் திருப்பிவிடுவான். அதே விசைதான், பிடிக்கிற இடம் வேறு. 1964-ல் டெலிவிஷன் கேமரா, 2020-ல் பிளே-ஆஃப். இரண்டு முறையும் வீரர்கள் பிடித்தது ஸ்பேனரின் நுனியை! பருவத்தின் நடுவில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் இவ்வளவு அதிர்ந்திருக்குமா?

சரி, என்ன கிடைத்தது? அன்று இரவு எல்லா அணிகளும் கூடிப் பேசின. லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு அணிகளும் போட்டியையே கைவிடலாம் என்றன. மற்றவர்கள் தயங்கினார்கள். முன்னாள் அதிபர் ஒபாமாவிடம் யோசனை கேட்டார்கள். அணி முதலாளியாகிவிட்ட மைக்கேல் ஜோர்டான் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் இடையே பேசினார். ஆகஸ்ட் 29-ல் ஆட்டங்கள் மறுபடி தொடங்கின. சமூகநீதிக்கென ஒரு கூட்டமைப்பு அமைப்பது, அணிகளுக்குச் சொந்தமான அரங்குகளைத் தேர்தலுக்கு வாக்குச்சாவடியாகக் கொடுப்பது ஆகியவை ஒப்பந்தம். இதில் இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொரோனா காலத்தில் கூட்டத்துக்குப் பயந்தவர்களுக்கு, விசாலமான அரங்கில் தள்ளித் தள்ளி நின்று ஓட்டுப் போட இடம் கிடைத்தது.

கேட்டது எல்லாம் கிடைத்ததா என்றால், இல்லை. விஸ்கான்சின் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் ஆகஸ்ட் 31-ல் கூடியது. ஒரு நிமிடம்கூட நீடிக்காமல் ஒத்திவைக்கப்பட்டது. பிளேக்கைச் சுட்ட போலீஸ்காரர் மீது வழக்கு இல்லை என்று 2021 ஜனவரி 5-ல் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். பிளேக்கிடம் கத்தி இருந்தது, தற்காப்புக்காகச் சுட்டேன் என்ற வாதத்தை நீதிமன்றத்தில் முறியடிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

விளையாட்டுக் கணக்கையும் கேட்பீர்களே! பக்ஸ் மேஜிக்கை வென்றது, அடுத்த சுற்றில் மயாமியிடம் 4-1 என்று தோற்று வெளியேறியது. கோப்பை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போனது. அடுத்த ஆண்டு, 2021 ஜூலை 20-ல், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு பக்ஸ் சாம்பியன் ஆனது. மில்வாக்கியே தெருவுக்கு வந்து கொண்டாடியது. ஜார்ஜ் ஹில் அந்த அணியில் இல்லை. 2020 நவம்பரிலேயே ஒரு வீரர் பரிமாற்றத்தில் அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.