கண்ணீரும் பத்திரமும்

கேள்வி: ஐயா, எங்கள் தகப்பனார் காலமான பின், பாகப்பிரிவினையில் என் தமையனாருக்குச் சேர வேண்டிய நிலத்தில் ஒரு பகுதியை, அவர் எழுத்தறிவு குறைந்தவர் என்பதைச் சாதகமாக்கிக்கொண்டு, என் பேரில் எழுதிக்கொண்டேன். பத்து வருஷமாயிற்று. இரவுதோறும் முழங்காலில் நின்று அழுது பாவத்தை அறிக்கையிட்டும் தேவ சமாதானம் கிட்டவில்லை. என் தாழ்மை இன்னும் போதவில்லையா?
— ஒரு வாசகர்

பதில்: அன்பருக்கு, தாழ்மை போதவில்லையே என்று தாங்கள் வருந்துவதிலேயே ஒரு நுட்பமான கண்ணி இருக்கிறது. ஆலயத்தில் நின்று தன் உபவாசங்களை எண்ணிய பரிசேயனுக்கும், படுக்கையருகே தன் கண்ணீரை எண்ணுகிற நமக்கும், எண்ணப்படும் வஸ்துவில் பேதமேயன்றி எண்ணுகிற தொழிலில் பேதமில்லை.

1505ஆம் ஆண்டில் எர்ஃபர்ட் நகரத்து அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூத்தர், அற்பப் பிழையொன்றும் விடுபடலாகாதென்று மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தும், விடுபட்டது ஏதேனும் உண்டோ என்று மறுபடியும் கலங்கி நின்றபோது, அவருடைய ஆத்தும ஆலோசகராயிருந்த ஸ்டௌபிட்ஸ், பாவக் கணக்கைவிட்டுக் கிறிஸ்துவின் காயங்களை நோக்கும்படி அவரைத் திருப்பினார். லத்தீன் வேதாகமத்தில் பிராயச்சித்தம் செய்வதாகப் பொருள்கொள்ளப்பட்டு வந்த சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் மனமே மாறுவது என்று அர்த்தம் என அறிந்தபோது தமக்குண்டான ஆனந்தத்தை, லூத்தர் 1518இல் அதே ஸ்டௌபிட்ஸுக்குத்தான் கடிதமாக எழுதினார். நம் தமிழ் வேதத்திலோ அவ்விடத்தில் ‘மனந்திரும்புதல்’ என்ற சொல்லே நிற்கிறது; அழுகையைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை.

திரும்புகிறவன் எந்தத் திசையில் நடப்பது? லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின்படி, அயலானை வஞ்சித்தவன் முதலோடு ஐந்திலொரு பங்கைக் கூட்டி, குற்றநிவாரண பலியைச் செலுத்தும் நாளிலேயே உரியவன் கையில் கொடுத்தாக வேண்டும். எரிகோவின் ஆயக்காரத் தலைவனான சகேயுவோ நாலத்தனையாய்த் தருவதாகச் சொன்னான். ஆனால் இங்கே வரிசையைக் கவனியுங்கள்: திருப்பிக் கொடுத்தால் வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை; காட்டத்தி மரத்தின் மேலிருந்தவனை இறங்கச் சொல்லி, அவன் வீட்டில் தங்கப்போவதாக அறிவித்தார்; அதன் பிறகே அவனுடைய பணப்பை அவிழ்ந்தது. ஆகையால் நிலத்தைத் திருப்புவது கிருபைக்குத் தாங்கள் கொடுக்கும் கிரயமன்று. கிருபையை நம்பினவன் அந்நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்க அவசியமின்றிப் போகிறது, அவ்வளவே.

இருளில் தேவனுக்கு முன்பாக அழுவது, பட்டப்பகலில் தமையன் வீட்டு வாசற்படியில் நிற்பதைக் காட்டிலும் எளிது என்பதைத் தாங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். அவர் ஏசினால் ஏச்சை வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணி கதவைச் சாத்தினால் திண்ணையில் உட்கார்ந்திருங்கள். அவர் மன்னிக்க மறுத்தாலும் தேவன் தந்த மன்னிப்பு அதனால் ரத்தாகிவிடாது. நிலத்தோடு பத்து வருஷத்து மகசூலையும் கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள். பத்திரத்தை வாசித்துக் காட்ட, அவர் நம்பும் ஒருவரை அவரே அழைத்துக்கொள்ளட்டும். இம்முறை தாங்கள் வாசிக்க வேண்டாம்.