மூணாவது போர்டும் போச்சு!



போன பள்ளி விடுமுறையில் என் அக்கா மகன் ஒரு பெட்டியோடு வந்து நின்றான். "மாமா, மூணாவது போர்டும் போச்சு! அம்மா இனிமே காசு தரமாட்டாங்களாம்." செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி, போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அவன் எழுதிய நிரல் பிரமாதம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் தண்ணீர் மோட்டாரின் கம்பியை நேராக ஆர்டுவினோவின் காலிலேயே செருகியிருந்தான்!

அந்தக் காலிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். 40-ஐத் தாண்டினால் சில்லுக்கு ஆபத்து. சின்ன மோட்டாரே 100-க்கு மேல் கேட்கும். அதனால் இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். ரெசிஸ்டர் வழியாக வரும் சிறு மின்னோட்டம் டிரான்சிஸ்டரைத் திறந்துவிடும். மோட்டாருக்கு வேண்டியது பேட்டரியிலிருந்து தனி வழியில் வரும். இன்னொன்றும் உண்டு. மோட்டாரை நிறுத்தும் நொடியில் அதன் சுருள் எதிர் மின்னழுத்தத்தை உதறும். அது டிரான்சிஸ்டரைக் கொல்லாமலிருக்க மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு போடணும், கோடு போட்ட முனை பேட்டரியின் நேர்முனைப் பக்கம். மாற்றிப் போட்டால் ஷார்ட்தான்.

"இதெல்லாம் செத்துப்போன பொழுதுபோக்கு" என்று என் நண்பர்கள் சொல்வார்கள். அவர்களிடம் ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் வானொலிப் பெட்டிகளை நாமே பூட்டிக்கொள்ள உதிரியாக விற்ற ஹீத்கிட் 1992-இல் அந்த வேலையை நிறுத்தியது. தயாராக வரும் பெட்டியே மலிவாகிவிட்டதே! ரேடியோஷாக் 2015-இல் திவால். சிங்கப்பூரில் பழைய சாமான் கிடைக்கும் சுங்கை ரோடு சந்தையையும் 2017-இல் மூடிவிட்டார்கள்.

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2005-இல் இத்தாலியில் ஆர்டுவினோ பிறந்தது. 2012-இல் ராஸ்பெரி பை 35 அமெரிக்க வெள்ளிக்கு வந்தது. என் காலத்தில் சர்க்கியூட் பலகையை ஃபெரிக் குளோரைடில் ஊறவைத்து, சட்டையெல்லாம் மஞ்சள் கறையாகி, அம்மாவிடம் திட்டு வாங்குவேன். இன்று படத்தை அனுப்பினால் பலகை வீட்டுக்கே வருகிறது. செய்கிறவர்கள் குறையவில்லை.

குறைந்தது வேறு. கோலாலம்பூர் ஜாலான் பசாரில் டிரான்சிஸ்டர் கேட்டால், கடைக்காரர் "எதுக்கு?" என்பார். நான் தப்பாகச் சொன்னால் எடுத்துத் தரவே மாட்டார். என் மருமகன் மூன்று போர்டையும் கைப்பேசியில் வாங்கினான். அவனிடம் யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை.

மறுநாள் அவனை அங்கேயே கூட்டிப்போனேன். கடைகள் இன்னும் இருக்கின்றன. டிரான்சிஸ்டர், டயோடு, ரெசிஸ்டர் மூன்றும் சேர்ந்து ஒரு தே தாரிக் விலைதான். நாலாவது போர்டுக்கு நான் காசு கொடுத்தேன், அக்காவிடம் சொல்லவில்லை. (இதைப் படித்தால் மன்னிக்கணும், அக்கா.) அவன் வைத்த முதல் ஈயப் பற்று மங்கலாக உருண்டு நின்றது. கம்பியைச் சூடாக்காமல் ஈயத்தை மட்டும் உருக்கினால் அப்படித்தான். இரண்டு முறை உருக்கி எடுத்துத் திரும்ப வைத்தான்.

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. இப்போது அந்தக் கருவி அக்கா வீட்டு வாசலில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. வாளியில் தண்ணீர் நிரப்புவது மட்டும் அக்காவின் வேலை.