பெரிய டிஸ்க் மாட்டும் முன்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பிரேக்கை மேம்படுத்த நினைத்ததும் முதலில் கேட்பது, எவ்வளவு பெரிய டிஸ்க் மாட்டலாம் என்றுதான். டிஸ்க் பெரிதானால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கையை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயர். ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் இறுகிச் சறுக்கினாலோ, ஏ.பி.எஸ். குறுக்கே வந்தாலோ, டயர் தாங்குவதைவிட அதிகமான பலம் உங்கள் பிரேக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் டிஸ்க்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் வண்டி நிற்கும் தூரம் குறையாது. தூரம் குறைய வேண்டுமானால் நல்ல டயருக்குச் செலவழியுங்கள்.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? வெப்பத்தைச் சமாளிக்க. ஓடும் வண்டியின் வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகத்தான் மாறுகிறது. 1,000 கிலோ எடையுள்ள காரை 120 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் ஏறத்தாழ 5.5 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கும். அதே காரை 160 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் 9.9 லட்சம் ஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. வெப்பமோ ஏறத்தாழ 80 சதவீதம் கூடிவிட்டது. சாலையில் ஒருமுறை பிரேக் அடித்தால் அடுத்த முறைக்குள் டிஸ்க் ஆறிவிடும். ரேஸ் டிராக்கில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். நீண்ட மலை இறக்கத்திலும் இதே கதைதான். கனமான தோசைக்கல் மெதுவாகச் சூடேறுவதுபோல, இரும்பு அதிகமுள்ள பெரிய டிஸ்க் அதே வெப்பத்தை வாங்கினாலும் குறைவாகவே சூடாகும். காற்றுப் படும் பரப்பும் கூடுவதால் விரைவில் ஆறும். பத்தாவது முறை மிதிக்கும்போதும் முதல் முறைபோலவே பிரேக் பிடிக்கும். பெரிய டிஸ்க்கின் உண்மையான பலன் அதுதான்.

எது கைவிடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

பணத்தை எடுப்பதற்கு முன் உங்கள் பிரேக்கின் நோயைக் கண்டறியுங்கள். மிதி பஞ்சுபோல் அமுங்கித் தரைவரை போகிறதா? பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கும். மிதி கல்போல் இருந்தும் வண்டி வேகம் குறையவில்லையா? பேட் தன் எல்லைக்கு மேல் சூடாகிவிட்டது. மிதிக்கும்போது காலிலும் ஸ்டியரிங்கிலும் அதிர்வு வருகிறதா? டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் அதில் பேட்டின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும்; அல்லது ஹப்பில் இருந்த துருவைச் சுரண்டாமலே டிஸ்க்கை மாட்டியிருப்பார்கள். இவை வெவ்வேறு நோய்கள். மூன்றுக்கும் பெரிய டிஸ்க்கை ஒரே மருந்தாகக் கொடுப்பது வீண் செலவு.

எனவே முதலில் ஆயிலை மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 3 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140. டாட் 4 ஆயிலுக்கு 230, 155. டாட் 5.1 ஆயிலுக்கு 260, 180. பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிகான் ஆயில்; மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டிராக்கில் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்துவிடுவது நல்லது.

அடுத்து பேட். ரேஸ் பேட்டை அன்றாட ஓட்டத்துக்குப் போடாதீர்கள். சூடாகாத நிலையில் அது சரியாகப் பிடிக்காது, கிறீச்சிடும், டிஸ்க்கையும் வேகமாகத் தேய்க்கும். சாலையிலும் எப்போதாவது டிராக்கிலும் ஓட்டுபவருக்கு இரண்டுக்கும் நடுவிலான செமி மெட்டாலிக் பேட் போதும். ஆயிலும் பேட்டும் மாற்றியபின் பலருக்குத் தொந்தரவு தீர்ந்துவிடும். தீராதவர்களுக்குத்தான் பெரிய டிஸ்க்.

மஸ்டா கற்றுத்தரும் வழி

எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு மஸ்டா எம்.எக்ஸ்-5 நல்ல எடுத்துக்காட்டு. 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்தச் சிறிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். முதலில் வந்த 1.6 லிட்டர் வண்டியில் முன் டிஸ்க்கின் விட்டம் 235 மி.மீ., பின் டிஸ்க் 231. எஞ்சின் 1.8 லிட்டரானதும் மஸ்டாவே அவற்றை 255, 251 என்று பெரிதாக்கியது. 2001க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை வண்டிகள் சிலவற்றில் அவை 270, 276 ஆயின. பழைய 1.6 வைத்திருப்பவர்கள் பலர் 1.8 வண்டியின் டிஸ்க்கையும், காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டையும் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். காலிபர் 10 மி.மீ. வெளியே தள்ளி உட்காருவதால் நெம்பும் நீளமும் கூடுகிறது. அதே அழுத்தத்துக்கு அந்தச் சக்கரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதிகமாகப் பிடிக்கும்.

இந்த வழியை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம், விலை மட்டும் அல்ல. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள விகிதத்தைத் தயாரிப்பாளரே கணக்கிட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் மஸ்டா இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கியிருப்பதைக் கவனியுங்கள். முன் டிஸ்க்கை மட்டும் மிகப் பெரிதாக்கினால் முன் சக்கரம் சீக்கிரமே இறுகிவிடும். பின் டயர் தன் பங்கைச் செய்யாது. நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். பின் பிரேக்கை மட்டும் பலப்படுத்துவது இன்னும் ஆபத்து. பின் சக்கரம் முதலில் இறுகினால் வண்டி சுழன்றுவிடும். காலிபரையும் மாற்றுபவர்கள் பிஸ்டனின் அளவைப் பாருங்கள். பெரிய பிஸ்டனைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் மிதி ஆழமாக இறங்கும்.

வாங்கும்போது

டிஸ்க் ரிம்முக்குள் அடங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். எம்.எக்ஸ்-5இன் 270 மி.மீ. பிரேக்குக்கு 15 அங்குல ரிம்மாவது வேண்டும். விட்டம் சரியாக இருந்தாலும் அலாய் வீலின் கம்பிகள் காலிபரில் உரசலாம். எடையையும் பாருங்கள். டிஸ்க் சஸ்பென்ஷனுக்குக் கீழே சுழலும் பாரம்; அது கூடினால் மேடு பள்ளத்தில் டயர் தரையைப் பற்றுவது குறையும். தேவைக்கு மேல் பெரிதாகப் போக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

துளையிட்ட டிஸ்க் பார்க்க அழகு. ஆனால் டிராக்கின் சூட்டில் அந்தத் துளைகளிலிருந்துதான் விரிசல் கிளம்பும். கடுமையாக ஓட்டுபவர்கள் வழவழப்பான டிஸ்க்கோ கோடு வெட்டிய டிஸ்க்கோ வாங்குங்கள். உள்ளே காற்றறை உள்ள டிஸ்க், நடுவிலிருந்து காற்றை இழுத்து ஓரம் வழியாக வீசும். காற்றுக் குழாய் பொருத்துபவர்கள் அதன் வாயை டிஸ்க்கின் மையத்துக்குக் காட்டுங்கள். முகத்தில் மட்டும் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் குளிரும். உள் தகடுகள் வளைந்திருந்தால் இடது, வலது மாறாமல் மாட்டுங்கள்.

மாட்டும்போதும் அதன் பிறகும்

ஹப்பின் முகத்தைத் துரு போகத் தேயுங்கள். ஆயில் ஹோஸைக் கழற்றினால் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். காலிபரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கம்பியால் கட்டி வையுங்கள். போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் கைக்கணக்கில் முறுக்காமல், சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதி இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதி தரைக்குப் போய்விடும்.

புது டிஸ்க்கும் பேட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஆளில்லாத சாலையில் 80, 90 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக மிதித்து 20க்குக் கொண்டுவாருங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். இப்படிச் சில முறை செய்தபின் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் தயாரிப்பாளர் தனிமுறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். டிராக்கில் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடியுங்கள். நின்றபின் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்; சூடான டிஸ்க்கைப் பேட் பிடித்துக்கொண்டிருந்தால் அதன் பொருள் அங்கேயே ஒட்டிவிடும். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வேறு நாடுகளிலும் பிரேக் மாற்றத்துக்கு ஆய்வும் ஒப்புதலும் தேவைப்படலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

ஆயில், பேட், டயர், கடைசியில் டிஸ்க். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இந்த வேலையில் கை பழகாதவர்கள் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். எஞ்சினில் தவறு நேர்ந்தால் வண்டி நின்றுவிடும். பிரேக்கில் தவறு நேர்ந்தால் நிற்காது, சாலையில் எதிரே வருபவர்களும் அதற்கு விலை கொடுக்க நேரும்.